ஒரே பேர் வெட்டிய இரண்டு கேரியர்கள்

தேனி
18-11-1936

குச்சனூர் கர்ணன் அவர்களுக்கு, தேனியில் பத்திரம் எழுதும் கருத்தக்கண்ணன் எழுதுவது.

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. ஒரு பாத்திரத்தைப் பற்றித் தெரியப்படுத்த வேண்டியிருக்கிறது.

சென்ற சனிக்கிழமை ஐப்பசி அமாவாசை. உங்கள் தாயார் கஸ்தூரியம்மாள் காலமான நாள். பிறந்த வீட்டுக்கு வர வழியில்லாததால் உங்கள் தங்கை ராமுத்தாய் வருஷாவருஷம் அன்றைக்குப் போடி இரட்டை அருவியில் தலை முழுகிவிட்டு வருவாள். இந்த வருஷம் நானும் மகள் முருகம்மாளும் கூடப் போனோம். போன வருஷம் வரை அது வெறும் அருவி. இப்போது கம்பி வேலி போட்டு ஜூபிலி பூங்கா என்று பேர் வைத்திருக்கிறார்கள். ரோஜாப் பாத்தி, குரோட்டன்ஸ், சிமிண்டு பெஞ்சு, எதைச் செய்யக் கூடாது என்று வரிசையாகப் பலகைகள். குரங்கு சாப்பாட்டைப் பறிக்கிறது என்று வாசலில் ஒரு கொட்டகை. காவலாள் ஒச்சாண்டி கட்டுச்சோற்றை வாங்கி அங்கே வைத்துக்கொண்டு தகர வில்லை கொடுக்கிறான். வில்லையைத் திருப்பிக் கொடுத்தால் பாத்திரம்.

எங்கள் வில்லையில் நம்பர் தேய்ந்திருந்தது. பாத்திரத்தில் என்ன பேர் வெட்டியிருக்கிறது என்று கேட்டான். கஸ்தூரியம்மாள் என்றேன். ஒரு பித்தளைக் கேரியரை எடுத்துக் கொடுத்தான். தாயார் மதுரையில் ஜோடியாக வாங்கித் தன் பேரை வெட்டி, ஒன்றை மகளுக்குச் சீராகக் கொடுத்து, ஒன்றை மகன் வீட்டில் வைத்துக்கொண்டார். அந்த ஜோடி அன்று ஒரே கொட்டகையில் இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

ராமுத்தாய் குளித்துவிட்டு வருவதற்குள் நானும் முருகம்மாளும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டோம். வெள்ளைச்சோறு, மொச்சை போட்ட கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, பாசிப்பருப்புப் பாயசம். வீட்டில் என்ன கட்டினாள் என்று நான் கேட்டுக்கொள்கிறவன் அல்ல. அது உங்கள் வீட்டுக் கேரியர் என்று வீடு திரும்பிய பிறகுதான் ராமுத்தாய் சொன்னாள். அவள் சாப்பிட்டாளா என்பதை நான் இங்கே எழுதவில்லை.

சபதம் பற்றி ஒரு விளக்கம். தாயார் காலமான மறுநாள் உங்கள் முற்றத்தில் நான் சொன்ன வாசகம், ‘இந்த வீட்டில் இனி நாங்கள் கை நனைக்க மாட்டோம்’ என்பது. பூங்கா உங்கள் வீடு அல்ல. ஆகவே என் சபதம் முறியவில்லை. நீங்கள் சொன்னது, ‘உன் வீட்டுச் சோறு ஒரு பருக்கை என் தொண்டையில் இறங்காது’ என்பது. எங்கள் கேரியர் உங்களிடம் வந்திருக்க வேண்டும். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளவும்.

மேற்படி கேரியரைத் திருப்ப வேண்டும். வெறும் பாத்திரமாக அனுப்ப ராமுத்தாய் சம்மதிக்கவில்லை. பிறந்த வீட்டுப் பாத்திரம் காலியாகப் போகக் கூடாதாம். எதையாவது வைத்து அனுப்பினால் நீங்கள் வாங்க மாட்டீர்கள். என்ன செய்ய என்று எழுதவும்.

முருகம்மாளுக்குத் தை 21-ம் தேதி கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. உத்தமபாளையம் ராக்கப்பன் மகன். எல்லோருக்கும் போல உங்களுக்கும் பத்திரிகை வரும்.

இப்படிக்கு,
கருத்தக்கண்ணன்

*

குச்சனூர்
தாது வருஷம் கார்த்திகை 9

பத்திரம் எழுதுகிற கருத்தக்கண்ணனுக்குக் கர்ணன் எழுதுவது.

உம்முடைய கடிதம் வந்தது. ஒரு கேரியருக்கு மூன்று பக்கம். நாலு ஏக்கர் கிரையத்துக்குக்கூட நீர் இவ்வளவு எழுத மாட்டீர் என்று பஞ்சம்மாள் சொல்லிச் சிரித்தாள். என் பெண்டாட்டி சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி.

அன்று உங்களை அருவியிலேயே பார்த்துவிட்டேன். நான் ஆண்கள் துறையில் நின்றேன். மழைத் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி விழுந்துகொண்டிருந்தது. எதிர்த்த பெண்கள் துறைக் கல்லில் ஒருத்தி ஈரச் சேலையோடு தலை துவட்டிக்கொண்டு நின்றாள். ராமுத்தாய் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ‘அது ராமுத்தாயில்ல, அவ மக முருகம்மா’ என்று பஞ்சம்மாள் சொன்னாள். நான் கடைசியாகப் பார்த்தபோது அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. மறுபடி திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் போய்விட்டாள். வாதாம் மரத்து இலையெல்லாம் சிவந்து படியில் கொட்டிக் கிடந்தது. வழுக்கும் என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

பூங்கா எனக்குப் பிடிக்கவில்லை. அருவிக்கு வேலி எதற்கு? பூவைப் பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகிறான், பலகையில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

உங்கள் வீட்டுப் புளிச்சோற்றை நாங்கள் தொடவில்லை. குரங்குக்குப் போட்டுவிட்டோம். என் சபதத்துக்கு ஒரு குறையும் இல்லை. நீர் விசனப்பட வேண்டாம்.

தேனிச் சந்தைக்கு வருகிற எங்கள் ஊர் வண்டியில் கேரியரை வெறுமனே அனுப்பும். உங்களுடையதை நானும் அப்படியே அனுப்புகிறேன். காலிப் பாத்திரம் போனால் குடி கெட்டுவிடாது.

பத்திரிகை அனுப்ப வேண்டாம். எல்லோருக்கும் போல எனக்கும் வருகிற பத்திரிகை எனக்கு எதற்கு? நான் அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன்.

கர்ணன்

*

தேனி
2-12-1936

குச்சனூர் கர்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ராமுத்தாய்க்குப் படித்துக் காட்டினேன். குரங்கு என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். ‘எங்கண்ணன் குரங்குக்குச் சோறு போட்டாகளாக்கும்? அம்மாவுக்குப் படைக்கிற இலையிலயே எண்ணித்தான் பருக்கை வைப்பாக. நீங்க வேணும்னா நம்புங்க’ என்றாள்.

நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. விசாரிக்காமல் எதையும் எழுதக் கூடாது என்பது என் தொழில். ஆகவே சென்ற ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போடிக்குப் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பூங்காவில் யாரும் இல்லை. பாத்திகளில் டிசம்பர்ப் பூ நிறையப் பூத்திருந்தது. மலையே தெரியாதபடி மேகம் இறங்கியிருந்ததால் இரண்டு அருவியும் வானத்திலிருந்து நேரே விழுவது போல் இருந்தன. அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒச்சாண்டி கொட்டகையில் குளிர்காய்ந்துகொண்டிருந்தான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘குச்சனூர்க்காரரா? செம்பருத்தி வேலிப் பக்கமாத் திரும்பி உக்காந்து அவரேதான் சாப்பிட்டாரு. அந்தம்மா ரெண்டு தரம் கூப்பிட்டாக, திரும்பவே இல்ல. கேரியரை விரலால வழிச்சாருங்க. இங்கன குரங்குக்குப் போட நான் விடுவனா? பலகையில எழுதியிருக்கே.’

இதற்கு நான் எந்த அபிப்பிராயமும் சொல்லவில்லை.

நான் போன கடிதத்தில் எழுதாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். ராமுத்தாயும் சாப்பிட்டாள். குளித்துவிட்டு வந்தவள் அடுக்கைப் பார்த்தாள். தாயாருக்குப் பிடித்த மொச்சையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம், அம்மாவுக்குப் படைக்க எடுத்து வந்த சோறு அது என்று. எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து மீதி இருந்த அத்தனையையும் சாப்பிட்டாள். நானும் முருகம்மாளும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம், இவளுக்கு இன்றைக்கு இவ்வளவு பசியா என்று.

இனி முக்கியமான விஷயம். ராக்கப்பன் வந்திருந்தார். கல்யாணத்தில் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்துப் பெண்ணை மணவறைக்குக் கூட்டி வர வேண்டும் என்கிறார். ‘மாமன் இருந்தும் வரலைன்னா பொண்ணு மேலதான் பேச்சு வரும். நாளைக்கு எங்க ஊர்ல நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்ல? தை பிறக்கறதுக்குள்ள சொல்லிருங்க. இல்லேன்னா நாங்க வேற இடம் பாக்குறோம்’ என்று சொல்லிவிட்டுப் போனார். முருகம்மாள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் உங்களை அழைக்கவில்லை. நடந்ததைத் தெரியப்படுத்துகிறேன். அழைக்க வேண்டுமானால் ஆறு வருஷத்துக்கு முந்திய ஒரு கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். தாயார் இறந்த அன்று வீரபாண்டியில் ஆறு நிரம்பிப் போனது. நாங்கள் அக்கரையில் ஓர் இரவு மழையில் கிடந்தோம். மறுநாள் மத்தியானம் உங்கள் முற்றத்துக்கு வந்தபோது சாம்பல்கூட ஆறிவிட்டது. பெற்ற மகள் முகம் பார்க்கும் முன் ஏன் எடுத்தீர்கள்? அன்று கேட்டேன், நீங்கள் சத்தம் போட்டீர்கள். இப்போது எழுத்தில் கேட்கிறேன்.

கருத்தக்கண்ணன்

*

குச்சனூர்
தாது வருஷம் மார்கழி 3

கருத்தக்கண்ணனுக்கு,

பதினைந்து நாளாக இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். உம்மைப் போல எனக்கு எழுத வராது. ஐந்தாவது வகுப்பு.

சாப்பிட்டேன். ஒச்சாண்டி சொன்னது நிஜம்.

மூடியைத் திறந்ததும் எள்ளு வாசம் வந்தது. எங்கள் அம்மா புளிச்சோற்றுக்கு எள்ளை வறுத்துப் பொடிக்காமல் முழுசாகவே போடும். பஞ்சம்மாள் பொடித்துப் போடுவாள். ராமுத்தாய் சமைத்தது என்று அப்போதே தெரியும். கொட்டகைக்குப் போய் மாற்றிக்கொண்டு வரலாம் என்று பஞ்சம்மாள் சொன்னாள். வேண்டாம் என்றேன். அந்தச் சோற்றையே இலையில் வைத்து அம்மாவுக்குப் படைத்தேன்.

போன வருஷம் வீட்டில் படைத்தபோது பொழுது சாய்கிற வரை காக்காய் இலையைத் தொடவில்லை. அதற்கு முந்திய வருஷமும் அப்படித்தான். அதனால்தான் இந்தத் தடவை அருவிக்குக் கொண்டு வந்தேன். இந்த வருஷம் இலையைப் போட்டுவிட்டுக் கை எடுப்பதற்குள் வந்துவிட்டது. நான் இதற்கு அர்த்தம் எதுவும் சொல்லவில்லை. பூங்கா வந்த பிறகு அங்கே காக்காய் அதிகம். ஆனால் அப்புறம் நான் உட்கார்ந்து சாப்பிட்டதற்கு அதுதான் காரணம். சபதம் போயிற்று. போகட்டும் என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வெட்கமாகிவிட்டது. அதனால் குரங்கு என்று எழுதினேன்.

நீர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விடியும்போது அம்மா போயிற்று. உடனே தேனிக்கு ஆள் அனுப்பினேன். சாயங்காலம் வரை வண்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை விடவில்லை. ஆறு அடைத்துவிட்டது, நாளைக்கும் வர முடியாது, உடம்பை வைத்திருக்கக் கூடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் தங்கை வந்து பார்க்கட்டும், ஒரு நாள் பொறுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எனக்கு வாய் எழவில்லை. அவ்வளவுதான் காரணம். மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. நான்தான்.

நீர் மறுநாள் ஈர வேட்டியோடு வந்து முற்றத்தில் நின்று கேட்டபோது, தப்பு என்னுடையது என்று தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். ராமுத்தாய் அம்மா படுத்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இதை அவளுக்குப் படித்துக் காட்டும். கேரியரை அனுப்ப வேண்டாம். இருக்கட்டும்.

கர்ணன்

*

தேனி
24-12-1936

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை ராமுத்தாய்க்கு இரண்டு முறை படித்தேன். முதல் முறை கேட்டுவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். திரும்பி வந்து இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். காக்காய் வந்த இடத்தில் அழுதாள். நானும் கொஞ்சம் தடுமாறினேன்.

பிறகு அவள் சொன்னதை எழுதுகிறேன். ‘ஆறு வருசமா ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். கேட்டா சண்டை பெருசாயிருமேன்னு கேக்கல. அம்மா முகம் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. அதுபாட்டுக்குத் தூங்குற மாதிரி இருந்துச்சா, இல்ல வலியில போச்சான்னு. அதை மட்டும் எழுதச் சொல்லுங்க. வேற எதும் வேணாம்.’

அதை எழுதி அனுப்புங்கள்.

என் சபதத்தை நான் நிபந்தனையின்றி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ‘இந்த வீட்டில்’ என்பது போன்ற வாசகங்களையெல்லாம் தள்ளிவிடுங்கள். முருகம்மாள் கல்யாணத்துக்கு நீங்களும் பஞ்சம்மாள் அக்காவும் வர வேண்டும். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். இதை ராக்கப்பனுக்காகக் கேட்கவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும்.

இனி எழுதப்போகிறதை ராமுத்தாய்க்கு நான் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் தப்பை எழுதியதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் என் கட்டையோடு போயிருக்கும்.

அன்று உங்கள் ஆள் என்னைத் தேடி ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது காலை பத்து மணி. ஒரு கிரையப் பத்திரம் பாதியில் இருந்தது. எழுதி வாங்குகிறவர் பெரிய மனுஷர். அன்றைக்கே பதிய வேண்டும் என்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இதோ முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வரத் தாமதமாகிவிட்டது. வீட்டுக்குப் போய் ராமுத்தாயைக் கூட்டிக்கொண்டு வண்டி கட்டும்போது மணி ஒன்று. வீரபாண்டியில் உச்சி வேளை வரை ஜனங்கள் ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தார்களாம். அங்கே கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். ராமுத்தாய் வண்டிக்குள் இருந்தாள், அவள் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

செய்தி வந்ததே மத்தியானம்தான் என்று அவளிடம் சொன்னேன். மறுநாள் உங்கள் முற்றத்தில் நான் போட்ட சத்தத்தின் காரணமும் உங்களுடைய காரணம்தான்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

கருத்தக்கண்ணன்

*

குச்சனூர்
மார்கழி 18

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. பெட்டியில் வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்ட மாட்டேன், பயப்பட வேண்டாம்.

படித்ததும் கோபம் வந்தது. பொய் சொல்வானேன். களத்துமேட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மூன்று மணி நேரம் முந்தி வந்திருந்தால் நான் ஊர்க்காரர்கள் முன்னால் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது என்று நினைத்தேன். அப்புறம், நான் வாயைத் திறந்திருந்தால் உங்கள் மூன்று மணி நேரத்துக்கும் அவசியம் வந்திருக்காது என்றும் நினைத்தேன். ரொம்ப நேரம் இப்படியே போய்க்கொண்டிருந்தது. பஞ்சம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்து வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். ராக்கப்பனுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள். தாய்மாமன் சீர் எல்லாம் முறைப்படி வரும். ஆனால் ஒன்று. நான் வருவதற்கு முன்னால் ராமுத்தாயிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டும். நான் அவள் முன்னால் என் தப்போடு நிற்கப்போகிறேன். பாதித் தப்பு உங்களுடையது என்று தெரிந்துகொண்டே முழுவதையும் நான் சுமந்துகொண்டு நிற்க முடியாது. நிற்கலாம்தான். ஆனால் அது அவளை ஏமாற்றுவது. சொல்லவில்லையென்றால் நான் வர மாட்டேன். முருகம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா முகத்தைப் பற்றி ராமுத்தாய் கேட்டது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை. நாலைந்து தரம் எழுதி அடித்துவிட்டேன். நேரில் சொல்கிறேன்.

உங்கள் கேரியரைக் கொண்டு வருகிறேன். வெறுமனே கொண்டு வர மாட்டேன்.

கர்ணன்

*

தேனி
10-2-1937

மச்சானுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த செய்தி வண்டிக்காரன் மூலம் கிடைத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நேற்று மறுவீடு வந்தார்கள். முருகம்மாள் சௌக்கியமாக இருக்கிறாள். மாமன் போட்ட மாலையைக் கழற்றி எங்கே வைத்தேன் என்று வந்ததும் வராததுமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று கூட்டத்தில் உங்களிடம் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி, தைப் பொங்கலுக்கு முந்திய நாள் ராமுத்தாயிடம் சொன்னேன். சொல்ல ஆரம்பித்து, பத்து மணி, கிரையப் பத்திரம், சாட்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கோலத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

‘எனக்கு அன்னைக்கே தெரியும்’ என்றாள். ‘மத்தியானம்தான் சேதி வந்துச்சுன்னு சொன்னீக. உங்க விரல்ல மை ஈரமா இருந்துச்சு. வண்டியில என்னைக் கை பிடிச்சு ஏத்துனீகல்ல, அந்த மை என் கையிலயும் ஒட்டுச்சு. ஆத்தங்கரையில அவுக பேசுனதும் காதுல விழுந்துச்சு.’

ஆறு வருஷம் ஏன் கேட்கவில்லை என்றேன். ‘அண்ணனும் இல்லேன்னு ஆகிப்போச்சு. உங்களையும் விட்டுட்டு எங்கன போக?’ என்றாள். பிறகு மறுபடியும் அரைக்க ஆரம்பித்துவிட்டாள். மச்சான், முப்பது வருஷமாகப் பிறர் சொல்வதை எழுதுகிறவன் நான். அந்த ஒரு வாக்கியத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பந்தல்காரனுக்கு ஏன் இன்னும் சொல்லவில்லை என்று திட்டினாள். எனக்கு உயிர் வந்தது.

கல்யாணத்தன்று மாலை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து நீங்கள் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்ததை ராக்கப்பன் பார்த்தார், உத்தமபாளையமே பார்த்தது. நான் பார்த்தது வேறு. சாப்பிட்ட பிறகு நீங்களும் ராமுத்தாயும் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் வெகு நேரம் நின்றீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். அது போதும்.

இனிக் கேரியர் விஷயம். நீங்கள் மொச்சையும் பாயசமுமாகக் கொண்டு வந்த கேரியரைக் கழுவி, உங்களிடம் வந்திருந்த எங்கள் கேரியர் என்று உள்ளே வைத்தேன். எங்களிடம் இருந்த உங்கள் கேரியரில் அதிரசம் அடுக்கி உங்கள் வண்டியில் ஏற்றினேன். நானே ஏற்றினேன். இன்று காலை பார்த்தால் இங்கே இருப்பது உங்கள் வீட்டுக் கேரியர். பிடியில் நூல் சுற்றியிருக்கிறதே, அதுதான். வண்டி புறப்படுவதற்கு முன் யாரோ அதிரசத்தை எடுத்து உங்கள் கேரியரிலிருந்து எங்கள் கேரியருக்கு மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். ராமுத்தாயைக் கேட்டால் தெரியாது என்கிறாள். அவளோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாதது எப்படி இருக்கும், தெரிந்தது எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது.

திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். வருகிற ஐப்பசி அமாவாசைக்குப் பூங்காவுக்கு ஒரு கேரியரை மட்டும் கொண்டு போனால் போதும், ஒச்சாண்டியிடம் ஒரே ஒரு வில்லை வாங்கினால் போதும் என்கிறாள். சோறு அவளும் பஞ்சம்மாள் அக்காவும் சேர்ந்து சமைப்பார்களாம். எள்ளைப் பொடிப்பதா வேண்டாமா என்பதை மட்டும் நீங்கள் முன்கூட்டியே எழுதிவிட வேண்டுமாம்.

கருத்தக்கண்ணன்